காரின் பக்கச் சாய்வும் ஸ்டெபிலைசர் பாரும்: செட்டிநாட்டுச் சாலைகளில் கார் ஓட்டுவோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் வட்டாரத்தில் ஊருக்கு ஊர் போகும் சாலைகள் பல இடங்களில் கண்மாய்க்கரையை ஒட்டியே செல்கின்றன. கரை முடியும் இடத்தில் சாலை சட்டென்று திரும்பும். திரும்பிய உடனே ஊர் தொடங்கும், ஊர் தொடங்கிய உடனே வேகத்தடை வரும். இப்படிப்பட்ட சாலையில் குடும்பத்தோடு போகிறவர்கள் "வளைவில் வண்டி ரொம்பச் சாய்கிறது, தடிமனான ஸ்டெபிலைசர் பார் போட்டால் சரியாகிவிடுமா?" என்று கேட்பது இயல்பே. அந்தக் கேள்வியையும், அதைத் தொடர்ந்து வழக்கமாக எழும் மற்றக் கேள்விகளையும் இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

ஸ்டெபிலைசர் பார் என்ன வேலை செய்கிறது?

வண்டிக்கு அடியில் இடப்பக்கச் சக்கரத்தையும் வலப்பக்கச் சக்கரத்தையும் இணைத்துக் குறுக்கே ஓடும், இரு முனைகளிலும் மடங்கிய எஃகுத் தண்டுதான் ஸ்டெபிலைசர் பார். ஸ்வே பார், ஆன்டி ரோல் பார் என்ற பெயர்களில் விற்கப்படுவதும் இதுவே. தண்டின் நடுப்பகுதியை இரண்டு ரப்பர் புஷ்கள் வண்டியின் அடிச்சட்டத்தோடு பிடித்துக்கொண்டிருக்கும். முனைகள் லிங்க் ராட் என்ற சிறு இணைப்புத் தண்டின் வழியாக ஸ்ட்ரட்டிலோ (ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒன்றாய் அமைந்து சக்கரத்தைத் தாங்கும் தூண்) லோயர் ஆர்மிலோ (சக்கரத்தைக் கீழ்ப்பக்கத்தில் பிடிக்கும் கை) சேரும். இந்த ஏற்பாட்டுக்குக் கனடாவைச் சேர்ந்த ஸ்டீபன் கோல்மன் 1919-லேயே காப்புரிமை பெற்றார்.

இரண்டு சக்கரங்களும் ஒரே அளவு மேலேறி இறங்கும்போது தண்டு புஷ்ஷுக்குள் சுழன்று கொடுக்குமே தவிர எதிர்ப்புக் காட்டாது. ஒரு சக்கரம் மேலேயும் மற்றது கீழேயும் போனால்தான் தண்டு முறுக்கப்படும். அந்த முறுக்கத்தை எதிர்க்கும் விசையே வளைவில் உடல் சாய்வதைக் குறைக்கிறது. ஆகவே வேகத்தடையை நேராக ஏறி இறங்கும்போது பாரின் தடிமன் உங்களுக்குத் தெரியவே தெரியாது. ஆனால் சாலையின் ஓரம் அரிந்துபோய் இடப்பக்கச் சக்கரம் மட்டும் செம்மண்ணில் இறங்கி ஏறும்போது, தடிமனான பார் அந்த அடியில் ஒரு பங்கை வலப்பக்கத்துக்கும் கடத்தும். வண்டி இடமும் வலமுமாகத் தலையாட்டுவது போல் அசைவது அதனால்தான். ஓரம் சிதைந்த ஊராட்சிச் சாலைகளில் நாள்தோறும் போகிறவர்கள் தடிமனைக் கூட்டுவதற்கு முன் இதை ஒருமுறைக்கு இருமுறை எண்ணிப் பார்க்க வேண்டும்.

சாய்வு குறைந்தால் பிடிப்பு கூடிவிடும் அல்லவா?

இந்த இடத்தில்தான் பெரும்பாலோர் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதால் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. வளைவில் உள்பக்கச் சக்கரங்களிலிருந்து வெளிப்பக்கச் சக்கரங்களுக்கு மாறும் எடையின் மொத்த அளவை நான்கு காரணங்கள் தீர்மானிக்கின்றன: வண்டியின் எடை, அதன் ஈர்ப்பு மையம் தரையிலிருந்து எவ்வளவு உயரத்தில் இருக்கிறது, இடது வலது சக்கரங்களுக்கு இடையே எவ்வளவு அகலம் இருக்கிறது, வளைவில் எழும் பக்கவிசை எவ்வளவு என்பவை. இந்தப் பட்டியலில் ஸ்டெபிலைசர் பார் இல்லை.

ஒரு கணக்கைப் பார்க்கலாம். 1,100 கிலோ எடை, 0.55 மீட்டர் உயரத்தில் ஈர்ப்பு மையம், 1.45 மீட்டர் சக்கர அகலம் கொண்ட ஒரு கார், 50 மீட்டர் ஆரமுள்ள வளைவை மணிக்கு 56 கி.மீ. வேகத்தில் கடந்தால், புவியீர்ப்பில் ஏறத்தாழப் பாதியளவு பக்கவிசை அதன்மேல் விழும்; அப்போது சுமார் 209 கிலோ எடை உள்பக்கத்திலிருந்து வெளிப்பக்கத்துக்கு மாறியிருக்கும். எவ்வளவு தடித்த பாரைப் போட்டாலும் அந்த 209 கிலோ ஏறக்குறைய அப்படியேதான் இருக்கும். மாறுவது, அதில் எவ்வளவு முன்னச்சில் மாறுகிறது, எவ்வளவு பின்னச்சில் மாறுகிறது என்ற பங்கீடு மட்டுமே.

கோயில் புறப்பாட்டில் தண்டு தூக்குகிறவர்களை நினைத்துப் பாருங்கள்: தெருமுனையில் திரும்பும்போது சாமியின் எடை கூடுவதுமில்லை, குறைவதுமில்லை, அது எந்தத் தோளில் இறங்குகிறது என்பதுதான் மாறுகிறது, இருமடங்கு சுமை இறங்கிய தோளுக்கு இருமடங்கு வலு வந்துவிடுவதும் இல்லை. டயரும் அப்படியே. அதன்மேல் எடை கூடக் கூடப் பிடிப்பும் கூடும்தான், ஆனால் அதே விகிதத்தில் கூடாது. அதனால் எந்த அச்சில் உள்சக்கரத்துக்கும் வெளிச்சக்கரத்துக்கும் இடையே எடை வேறுபாடு மிகுதியாகிறதோ, அந்த அச்சின் மொத்தப் பிடிப்பு குறைகிறது. பாரைத் தடிமனாக்கிய அச்சு, ஒப்பீட்டளவில் பிடிப்பை இழக்கும் அச்சு என்பதை நினைவில் வைத்துக்கொண்டால், கீழே வரும் பதில்கள் யாவும் தாமாகவே விளங்கும்.

அப்படியென்றால் சாய்வைக் குறைப்பதால் பயனே இல்லையா என்றால், இருக்கிறது. உடல் அதிகம் சாயும்போது ஸ்ட்ரட் வகைச் சஸ்பென்ஷனில் வெளிப்பக்க டயர் தன் வெளி ஓரத்தின்மேல் ஏறி நிற்கும். சாய்வு குறைந்தால் டயரின் அடிப்பரப்பு தரையில் நன்றாகப் படியும். ஸ்டீயரிங்கைத் திருப்பியதும் வண்டி தாமதமின்றித் திரும்பும். உள்ளே அமர்ந்திருக்கும் பெரியவர்கள் கதவுக் கைப்பிடியைத் தேட வேண்டியதில்லை. இவையெல்லாம் உண்மையான பயன்களே. ஆயினும் மேலே சொன்ன அதே வளைவை 80 கி.மீ. வேகத்தில் எடுக்க வேண்டுமானால் பக்கவிசை இருமடங்காகிப் புவியீர்ப்புக்கே சமமாகும். சாதாரண டயர்களின் பிடிப்பு அந்த அளவை எட்டாது. எந்தப் பாரும் அதைக் கொண்டுவந்து கொடுக்காது.

தடிமனான பாரை முன்னால் போடுவதா, பின்னால் போடுவதா?

முன்னால் மட்டும் தடிமனாக்கினால் முன்டயர்கள் முதலில் பிடிப்பை இழக்கும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் வண்டி நேராகவே இழுத்துக்கொண்டு போகும். இதை அண்டர்ஸ்டீர் என்பார்கள். பின்னால் மட்டும் தடிமனாக்கினால் பின்பக்கம் வெளியே வழுக்கும் இயல்பு கூடும், இது ஓவர்ஸ்டீர்.

நம் ஊரில் ஓடும் கார்களில் மிகப் பல முன்சக்கர இயக்கம் கொண்டவை. எஞ்சினும் கியர்பாக்ஸும் முன்னாலேயே இருப்பதால் அவற்றுக்கு அண்டர்ஸ்டீர் இயல்பாகவே உண்டு, தயாரிப்பாளர்களும் வேண்டுமென்றே அப்படி வைத்திருக்கிறார்கள், ஏனெனில் பயந்துபோன ஓட்டுநர் காலை எடுத்தால் வண்டி தானாகவே வளைவுக்குள் திரும்பி அடங்கும். பின்பாரைத் தடிமனாக்கினால் அந்த அண்டர்ஸ்டீர் குறைந்து வண்டி ஆர்வத்தோடு திரும்பும் என்பது உண்மை. சாய்வு குறைவதற்காக முன்பாரை மட்டும் மாற்றுகிறவர்கள் பெரும்பாலும் ஏமாற்றமே அடைகிறார்கள் என்பதும் உண்மை. ஆனால் கண்மாய்க்கரை வளைவின் நடுவில் எதிரே ஆட்டுமந்தை வந்து, ஓட்டுநர் பதறி ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுக்கும் கணத்தில், எடை முன்னுக்குப் பாய்ந்து பின்பக்கம் இலேசாகும். தடித்த பின்பார் இருந்தால் வால் வீசும் ஆபத்து அப்போதுதான் வரும். குடும்ப வண்டியில் வீட்டார் பலரும் மாறி மாறி ஓட்டுவார்கள் என்றால், பின்பாரை மிதமாக ஒரு படி மட்டுமே கூட்டுவது நல்லது என்பது என் உறுதியான கருத்து.

எத்தனை மில்லிமீட்டர் கூட்டினால் எவ்வளவு வித்தியாசம் தெரியும்?

நினைப்பதைவிட மிக அதிகம். தண்டின் முறுக்க எதிர்ப்பு அதன் விட்டத்தின் நான்காம் அடுக்குக்கு ஏற்பக் கூடுகிறது. 20 மி.மீ. தண்டுக்குப் பதிலாக 22 மி.மீ. தண்டு போட்டால் விட்டம் கூடியது 10 சதவீதம்தான், விறைப்புக் கூடுவதோ ஏறத்தாழ 46 சதவீதம். உள்ளே துளையுள்ள தண்டு வலுவில்லாதது என்று ஒதுக்கிவிடவும் வேண்டாம்: 24 மி.மீ. வெளிவிட்டமும் 16 மி.மீ. உள்விட்டமும் கொண்ட தண்டு, அதே வெளிவிட்டமுள்ள முழுத் தண்டைவிட ஐந்தில் ஒரு பங்குதான் விறைப்புக் குறைந்தது. எடையோ 44 சதவீதம் குறைவு.

முனைகளில் இரண்டு மூன்று துளைகள் உள்ள பார்களில், லிங்க் ராடைத் தண்டின் நடுப்பகுதிக்கு அருகிலுள்ள துளையில் மாட்டினால் நெம்புகோல் நீளம் குறைந்து விறைப்புக் கூடும். 200 மி.மீ. நீளம் 180 ஆனால் ஏறத்தாழ 23 சதவீதம் கூடும். முதலில் மிக மென்மையான துளையில் மாட்டிச் சில வாரம் ஓட்டிப் பாருங்கள்.

என் காரின் பின்பக்கம் பாரே தெரியவில்லையே?

சிறிய கார்கள் பலவற்றில் பின்சக்கரங்கள் இரண்டையும் இணைக்கும் ஒரு குறுக்குச் சட்டமே முறுக்கத்தை எதிர்த்து ஸ்டெபிலைசர் பாரின் வேலையையும் செய்துவிடுகிறது. டார்ஷன் பீம் என்று விவரக் குறிப்பில் எழுதியிருப்பது அதைத்தான். அத்தகைய வண்டிக்குப் பின்பார் என்று விற்கப்படுவது, அந்தச் சட்டத்தோடு கூடுதலாக இறுக்கப்படும் ஒரு தண்டு. அது உங்கள் மாடலுக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். பட்டறையில் சட்டத்தைத் துளைத்தோ வெல்டு வைத்தோ பொருத்தத் துணிபவர்களிடம் வண்டியை விடாதீர்கள். அந்தச் சட்டம் முறுக்கப்படுவதற்கென்றே செய்யப்பட்டது, அதில் வெல்டு வைத்த இடமே முதலில் விரிசல் விடும்.

முன்பக்கத்திலும் ஒரு எச்சரிக்கை உண்டு. ஏர்ல் மெக்ஃபர்சன் வகுத்து, 1950-களின் தொடக்கத்தில் ஃபோர்டு கார்களில் வந்த ஸ்ட்ரட் அமைப்பில் ஸ்டெபிலைசர் பாரே கீழ் ஆர்மை முன்பின் நகராமல் பிடித்தும் வைத்திருந்தது. அந்த வழியில் அமைந்த வண்டிகளில் பாரையோ அதன் புஷ்ஷையோ மாற்றினால் சக்கரத்தின் கோணமும் சேர்ந்தே மாறும்.

ஷாக் அப்சார்பரை மாற்றினாலே சாய்வு போய்விடும் என்கிறார்களே?

நீண்ட வளைவில் வண்டி கடைசியாக எவ்வளவு சாய்ந்து நிற்கும் என்பதை ஸ்பிரிங்கும் பாரும் தீர்மானிக்கின்றன. அந்தச் சாய்வுக்கு எவ்வளவு வேகமாகப் போய்ச் சேரும், போன பிறகு ஆடாமல் நிற்குமா என்பதையே ஷாக் அப்சார்பர் தீர்மானிக்கிறது. ஆனாலும் நம் சாலைகளில் முழு வட்டமாக நீளும் வளைவுகள் அரிது. ஒதுங்குவதும் திரும்புவதும் உடனே நேராக்குவதும்தான் அதிகம். தை மாதத்தில் பழநிக்குப் பாதயாத்திரை போகிறவர்கள் குன்றக்குடிச் சாலையில் இரவும் பகலும் சாரை சாரையாக நடந்துகொண்டிருக்கும்போது, வேகத்தைக் குறைத்துப் போனாலும் சில நேரம் சட்டென்று விலகித் திரும்ப வரிசைக்கு வர வேண்டியிருக்கும். இடமும் வலமுமாக அடுத்தடுத்து நிகழும் அந்த அசைவில் தேய்ந்த ஷாக் உள்ள வண்டி ஒரு பக்கச் சாய்விலிருந்து மீள்வதற்குள் மறுபக்கம் வீசப்படும். "வண்டி அலைகிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிறவர்களில் பலருக்குத் தேவை புதிய பார் அன்று, நல்ல நிலையிலுள்ள நான்கு ஷாக்குகளே.

ஷாக்கின் உடலில் எண்ணெய்க் கசிவு, வேகத்தடை தாண்டிய பின்னும் அடங்காத துள்ளல், டயரில் மேடும் பள்ளமுமாகத் தேய்மானம் ஆகியவை அடையாளங்கள். எப்போதும் ஓர் அச்சின் இரண்டையும் சேர்த்தே மாற்ற வேண்டும்.

குட்டையான ஸ்பிரிங் போட்டு வண்டியைத் தாழ்த்தினால்?

ஈர்ப்பு மையம் தாழும், அது நல்லதே. ஆனால் ஸ்ட்ரட் வகை முன்சஸ்பென்ஷனில் வண்டியைத் தாழ்த்தும்போது, எந்தப் புள்ளியைச் சுற்றி உடல் சாய்கிறதோ அந்தப் புள்ளி ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகத் தாழ்ந்துவிடுவது வழக்கம். இரண்டுக்கும் இடையிலுள்ள தூரம் கூடுவதால் சாய்க்கும் நெம்புவிசையும் கூடி, எதிர்பார்த்த பயனில் ஒரு பகுதி கரைந்துபோகும். சஸ்பென்ஷன் மேலேற மிஞ்சும் இடமும் குறைந்து, வளைவின் நடுவே ரப்பர் தடையில் இடித்தால் அந்தச் சக்கரம் திடீரென்று பிடிப்பை விடும்.

வேகத்தடை வேறு இருக்கிறது. இந்தியச் சாலைப் பேராயத்தின் ஐஆர்சி 99 விதிப்படி, 25 கி.மீ. வேகத்தில் கடப்பதற்கான வட்டவடிவ வேகத்தடை 3.7 மீட்டர் அகலமும் 10 செ.மீ. உயரமும் கொண்டிருக்க வேண்டும். ஊர் முகப்பில் நாம் பார்க்கும் தடைகள் பலவும் அந்த அகலத்தில் கால்வாசிகூட இல்லாமல் செங்குத்தாக எழுகின்றன. ஐந்து பேரோடு போகும் வண்டியைத் தாழ்த்துவதை நம் பக்கத்தில் நான் யாருக்கும் பரிந்துரைக்க மாட்டேன்.

ஏழு பேரையும் சாமான்களையும் ஏற்றினால் பின்பக்கம் அமுங்குகிறது. ஸ்பிரிங் இடையில் ரப்பர் பஃபர் வைக்கலாமா?

இளையாத்தங்குடி, வைரவன்பட்டி, இரணியூர், பிள்ளையார்பட்டி என்று நகரத்தாரின் ஒன்பது நகரக் கோயில்களையும் ஒரே நாளில் பார்க்கக் கிளம்பும் ஏழு இருக்கை வண்டியும், வீட்டு வேலைக்காக டிக்கி நிறைய ஆத்தங்குடித் தரைக்கல்லை ஏற்றிக்கொண்டு வரும் காரும் ஒரே சிக்கலில்தான் மாட்டுகின்றன: பின்பக்கம் தாழ்ந்து, முன்சக்கரங்கள் இலேசாகி, ஸ்டீயரிங் மிதப்பது போல் இருக்கும். ரப்பர் பஃபர் சுருளின் சில சுற்றுகளை வேலை செய்ய விடாமல் தடுப்பதால் ஸ்பிரிங் விறைப்பாகும், பின்பக்கம் தாழாது. ஆனால் பின்னச்சு விறைத்தால் நேர்வது என்ன என்று மேலே பார்த்தோம்: அது பின்பாரைத் தடிமனாக்கியதற்கு நிகர். அதோடு மற்றச் சுற்றுகளின்மேல் அழுத்தம் கூடி, நாளடைவில் சுருள் உடையவும் கூடும். சுமை நிரந்தரமாக இருந்தால் சரியான விறைப்புள்ள ஸ்பிரிங்கை வாங்குவதே முறை. எப்போதாவது ஒருமுறை என்றால், கையேட்டில் முழுச் சுமைக்கெனக் குறித்துள்ள காற்றழுத்தத்தைப் பின்டயரில் வைத்து, ஆத்தங்குடிக் கல்லை இரண்டு நடையாக ஏற்றுங்கள்.

கூரைமேல் சாமான் ஏற்றுவது ஈர்ப்பு மையத்தை உயர்த்தும். வளைவில் மாறும் எடையின் மொத்தமே கூடிவிடுவதால் இதற்கு எந்தப் பாரும் மாற்று ஆகாது.

மெதுவாகப் போகும்போது அடியில் "டொக் டொக்" என்று சத்தம் வருகிறது. பார் உடைந்துவிட்டதா?

பெரும்பாலும் இல்லை. லிங்க் ராடின் பந்துமூட்டு (பால் ஜாயின்ட்) தளர்ந்திருக்கும், அல்லது தண்டைப் பிடிக்கும் புஷ் வெயிலிலும் தூசியிலும் காய்ந்து வெடித்திருக்கும். லிங்க் தளர்ந்த வண்டியில் தொடக்கச் சாய்வின்போது பார் வேலையே செய்வதில்லை. ஆகவே புதிய தடித்த பாரை விசாரிப்பதற்கு முன் இருக்கும் பாரின் லிங்க்கையும் புஷ்ஷையும் மாற்றிப் பாருங்கள். செலவு சிறிது, பயன் பெரிது. பாலியூரித்தேன் புஷ் நீடித்து உழைக்கும், பாரின் பதிலும் கூர்மையாகும். ஆனால் அதற்குரிய சிலிக்கான் கிரீஸ் தடவாமல் போட்டால் கீச்சிடும்.

வீட்டில் நெடுங்காலமாக நிற்கும் அம்பாசடருக்கு இதெல்லாம் பொருந்துமா?

2014-ல் உற்பத்தி நின்ற அந்த வண்டியின் பின்பக்கம் பட்டை ஸ்பிரிங்கில் நிற்கிறது. அச்சை முன்பின் நகராமல் பிடிப்பதும் அந்தப் பட்டைகளே. பட்டைகளுக்கு இடையிலான உராய்வும் ஓரளவு அதிர்வடக்கியாக வேலை செய்கிறது. துருவேறி ஒட்டிக்கொண்ட பட்டைக்கட்டைப் பிரித்துச் சுத்தம் செய்து, பட்டையின் முனையை அடிச்சட்டத்தோடு இணைக்கும் ஷாக்கிளின் புஷ்களை மாற்றி, பழைய டயர்களைக் கழித்தாலே வண்டி வேறாகத் தெரியும். அதற்குமேல் அதை விறைப்பாக்க வேண்டாம்.

இவ்வாறு மாற்றுவது சட்டப்படி சரியா?

1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றிதழிலுள்ள விவரங்கள் தயாரிப்பாளர் முதலில் குறித்தவற்றுக்கு மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை வலியுறுத்தியது. அனுமதியற்ற மாற்றம் ஒவ்வொன்றுக்கும் 5,000 ரூபாய் அபராதமோ ஆறு மாதம் வரை சிறையோ இரண்டுமோ விதிக்க 182ஏ பிரிவு இடமளிக்கிறது. தேய்ந்த பாகத்துக்குப் பதில் அதே அளவுப் பாகத்தைப் போடுவதில் சிக்கல் இல்லை. அளவு மாறுவதாயிருந்தால் வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்டு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்துவிட்டுச் செய்யுங்கள். விபத்துக்குப் பிறகு தெரியவந்தால் இழப்பீடு சிக்கலாகும்.

மழையில் கவனிக்க வேண்டியது என்ன?

கோடை மழையின் முதல் தூறலில், வண்டிகள் இழுத்துவந்த செம்மண் தாரின்மேல் வழவழப்பான பூச்சாகிவிடும். பிடிப்பு குறைந்த தரையில் விறைப்பான சஸ்பென்ஷன் முன்னறிவிப்பைக் குறைத்துவிடுகிறது: மென்மையான வண்டி சாய்ந்து எச்சரித்த பிறகு வழுக்கும், விறைத்த வண்டி சாயாமலே வழுக்கும். எலக்ட்ரானிக் ஸ்டெபிலிட்டி கன்ட்ரோல் இருக்கிறதே என்று நிம்மதி கொள்ளவும் முடியாது. அது தொழிற்சாலையில் பொருத்திய பாருக்கும் டயருக்கும் ஏற்ப அளவமைக்கப்பட்டது.

எல்லாவற்றையும் செய்ய நினைத்தால் எதில் தொடங்குவது?

டயரில். வயதும் தேய்மானமும் பார்த்து நல்ல டயர் போட்டு, குளிர்ந்த நிலையில் காற்றழுத்தம் பார்ப்பது எல்லாவற்றுக்கும் முந்தியது. பிறகு புஷ், லிங்க், பால் ஜாயின்ட், அதன்பின் ஷாக். இவ்வளவும் சரியான பிறகும் சாய்வு தொந்தரவாக இருந்தால் மட்டும் பாருக்குப் போகலாம். ஒரே நாளில் எல்லாவற்றையும் மாற்றினால் எது என்ன செய்தது என்று உங்களுக்கும் தெரியாது, மெக்கானிக்குக்கும் தெரியாது.

பொருத்தும்போது லோயர் ஆர்ம் புஷ்களின் போல்ட்டுகளை, வண்டி லிஃப்டில் தொங்கும் நிலையில் முழுதாக இறுக்க விடாதீர்கள். நான்கு சக்கரமும் தரையில் ஊன்றி, தன் எடையில் அமர்ந்த பிறகே கடைசி இறுக்கம் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் ரப்பர் எப்போதும் முறுக்கிய நிலையிலேயே இருந்து சீக்கிரம் கிழியும். வேலை முடிந்ததும் வீல் அலைன்மென்ட் பார்த்து, சில நூறு கிலோமீட்டர் ஓடிய பின் போல்ட்டுகளின் இறுக்கத்தை மறுபடி சோதிக்கச் சொல்லுங்கள். எழுபது கொண்டை ஊசி வளைவுகள் கொண்ட கொல்லிமலைக்குப் போவதாக இருந்தால், அந்தச் சோதனை முடிந்த பிறகு போங்கள்.